பிரெட்போர்டுக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

தங்கச்சிமடம் டீச்சர்:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிப்பிக்குள் எல்இடி வைத்து விளக்கு செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். கைத்தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மின்தடை, மின்கலம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. துளைகளில் கம்பிகளைச் செருகி மின்சுற்று அமைத்துப் பார்க்கும் பலகை இருக்கிறதே, அந்தப் பிரெட்போர்டுக்குத்தான் ஒன்றும் சிக்கவில்லை. ‘ரொட்டிப்பலகை’ என்று எழுதினால் பிள்ளைகள் சிரித்தே நேரம் போய்விடும்.

கீழக்கரை காக்கா:
சிரிக்கட்டுமே டீச்சர், பெயர் வந்த கதையே அதுதான். அந்தக் காலத்தில் ரேடியோ செய்து பார்த்தவர்கள் அடுக்களையில் ரொட்டி வெட்டும் பலகையைத் தூக்கிவந்து, ஆணி அடித்துக் கம்பி சுற்றினார்கள். துளை போட்ட பிளாஸ்டிக் பலகை 1970களில் வந்தது. நம்மூர்க்காரன் கண்டுபிடித்திருந்தால் நம்மூர் இனிப்பான தொதலை நினைத்துத் தொதல்தட்டு என்று வைத்திருப்பான்.

தேவிபட்டினம் புலவர்:
வேடிக்கை இருக்கட்டும். சால்டர் வைக்காமல், அதாவது ஈயம் உருக்கி ஒட்டாமல், வேலை நடப்பதுதானே இதன் சிறப்பு? சால்டருக்குப் ‘பற்றாசு’ என்ற பழைய சொல் உண்டு. ஆகவே ‘பற்றாப்பலகை’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை என்பதுபோல.

பாம்பன் மெக்கானிக்:
ஐயா, பற்றாப்பலகை என்றால் எதையும் பிடிக்காத பலகை என்றல்லவா படுகிறது? இங்கே உப்புக்காற்றில் திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் தகடுகளில் களிம்பேறி நிஜமாகவே பற்றாப்பலகை ஆகிவிடும். நான் சொல்வது ‘வெள்ளோட்டப்பலகை’. புது வல்லத்தை, அதாவது படகை, கடலில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறோமே, அதேதான். சுற்று ஒழுங்காக ஓடுகிறதா என்று பலகையில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஈயம் வைக்கிறோம்.

தேவிபட்டினம் புலவர்:
அருமையான சொல். ஆனால் வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் ஓடுவதால் வெள்ளோட்டம் என்பார்கள். அப்படியானால் வெள்ளவோட்டம் என்றல்லவா புணரும்? தவிர, தேருக்கும் வெள்ளோட்டம் விடுகிறோம். அங்கே ஏது வெள்ளம்? வெள் என்றால் வெறுமை, சரக்கேற்றாத ஓட்டம் என்பது என் கட்சி. குறள் 844இல் வெண்மை என்பது அறிவின்மை. வெள்ளந்தியும் இதே வேர்தான் என்பேன். இனி வெள்ளாடு...

தங்கச்சிமடம் டீச்சர்:
ஐயா, வெள்ளாடு வரை போக வேண்டாம். என் சிக்கலைக் கேளுங்கள். ஒரு பையன் எல்இடியின் இரண்டு கால்களையும் ஒரே வரிசையில் செருகிவிட்டான். அந்த ஐந்து துளைகளுக்கும் அடியில் ஒரே தகடு. இரண்டு காலும் அதையே தொட்டால் எல்இடிக்கு மின்னழுத்தம் ஏது? மின்கலத்தை மாற்றினான், எல்இடியைத் திருப்பினான், ஊதிக்கூடப் பார்த்தான். பலகையின் பின்பக்க ஒட்டுத்தாளை உரித்துத் தகடுகளைக் காட்டிய பிறகுதான் வேறு வரிசைக்கு ஒரு காலை மாற்றினான். துளைகள் உள்ளுக்குள் சேர்ந்திருப்பது பெயரிலேயே தெரிந்தால் நல்லது.

தொண்டி தம்பி:
அப்படியானால் ‘இணைப்புப்பலகை’?

பாம்பன் மெக்கானிக்:
வேண்டாம் தம்பி, சுவிட்ச்போர்டு மாதிரி கேட்கிறது. நாம் கொடுப்பது 9 வோல்ட் மின்கலம். 230 வோல்ட் நினைப்பே பிள்ளைக்கு வரக்கூடாது.

தொண்டி தம்பி:
சரி அண்ணே. ‘செருகுப்பலகை’?

தேவிபட்டினம் புலவர்:
செருகுபலகை. வினைத்தொகை, ஒற்று மிகாது. சுடுசோற்றுக்கு நடுவில் யாராவது ‘ச்’ போடுவார்களா?

கீழக்கரை காக்கா:
ஒற்றை எடுத்துவிட்டுக் கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், பலசரக்குக் கடைக்கு வழி சொல்வார்கள். பையன் நாளைக்குத் தானாக வாங்கப் போகும்போது வாயில் பிரெட்போர்டு என்ற சொல் இருக்க வேண்டும். அதையே எழுதுங்கள்.

தேவிபட்டினம் புலவர்:
வானொலி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

கீழக்கரை காக்கா:
இன்றைக்கும் வீட்டில் ரேடியோதானே ஐயா பாடுகிறது!

தங்கச்சிமடம் டீச்சர்:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ‘செருகுபலகை’ என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘கடையில் பிரெட்போர்டு என்று கேட்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். உள்ளே உள்ள இணைப்பை எந்தப் பெயரும் சொல்வதாகத் தெரியவில்லை. அதனால் ஐந்து ஐந்து துளைகளாகக் கோடிட்ட படம் சேர்த்திருக்கிறேன். ஓரத்து நீள வரிசைகளுக்குத் தனிக் கோடு.

பாம்பன் மெக்கானிக்:
எனக்குச் சம்மதமில்லை. எதைச் செய்கிறோம் என்பது அதில் இருக்கிறது, எதற்கு என்பது இல்லை. என் பட்டறைக்கு வரும் பையன்களுக்கு வெள்ளோட்டப்பலகை என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். அப்புறம் டீச்சர், வகுப்பு முடிந்ததும் பலகைகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

தொண்டி தம்பி:
துளைக்குத் துளை இணைக்கும் ஜம்பர் ஒயருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?