நாற்பதுக்கு மேல் தொப்பை குறைக்கப் போய் நடந்தது: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தூறல்
வேறு ஏதோ வலிக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். வயது 46. க்ரஞ்சஸ், பிளாங்க் என்று வயிற்றுப் பயிற்சிகளை ஒரு நாள் விடாமல் செய்துகொண்டிருந்த காலம் அது. வயிற்றைத் தட்டினால் பலகை மாதிரி இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஜெல் தடவிக் கருவியை வைத்து அழுத்தினார் ஸ்கேன் எடுத்த பெண். இன்னும் அழுத்தினார். பிறகு என்னைப் பார்க்காமல், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம், "கொழுப்பு நிறைய, கிளியரா வரல" என்றார். ரிப்போர்ட்டில் கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர்வதன் ஆரம்ப நிலை.

"தினமும் வயித்துக்குத்தானே எக்சர்சைஸ் பண்றேன்?" என்று கேட்டேன். துடைத்துக்கொள்ள டிஷ்யூவை நீட்டியபடி, "அது தசைக்கு சார். இந்தக் கொழுப்பு அந்தத் தசைக்குப் பின்னாடி, உள்ள இருக்கு" என்றார். அத்தனை வீடியோவில் பார்த்தேன், இந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை.

பழைய_சைக்கிள்
தூறல் சார், அவர் சொன்னதுதான் சரி. எந்த இடத்துக்குப் பயிற்சி செய்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும் என்பது வெறும் நம்பிக்கை. எங்கே இருந்து எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும்.

என் கதை வேறு. 51 வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளருக்கு என் மகன் வயது. முதல் நாளே எல்லோர் முன்னாலும் என் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, "அங்கிள், நாப்பதுக்கு மேல மெட்டபாலிசம் போயிடும். இது இனிமே கரையாது. கொஞ்சம் டைட் பண்ணலாம், அவ்வளவுதான்" என்றான். பிடித்த இடம் அன்று முழுக்கக் கூசியது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2021இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 29 நாடுகள், 6,400க்கும் மேற்பட்ட ஆட்கள். உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் ஆற்றல், அதாவது அவன் சொன்ன மெட்டபாலிசம், கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில்தான் இருக்கிறதாம். அதற்கு மேல்தான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்று இறங்குகிறது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "அங்கிள், செம!" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் வயிற்றைப் பிடிக்கப் போய்விட்டான்.

நிலாமுற்றம்
சைக்கிள் சார், ஆய்வு சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு "வயது ஒன்றுமே செய்யாது" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். எரிக்கும் அளவு மாறாவிட்டாலும் சேர்கிற இடம் மாறுமே!

எனக்கு 49. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போய் நிற்கப்போகும் சமயம். எடை அதே 62 கிலோ. பேன்ட் மட்டும் பொத்தான் போட வரவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். எடை இயந்திரத்தில் ஏறச் சொல்லி, பழைய சீட்டையும் பார்த்துவிட்டு, "வெயிட் மாறவே இல்லையேம்மா, வீட்டுக் கண்ணாடியை மாத்துங்க" என்று சிரித்தார். நர்ஸும் சேர்ந்து சிரித்தார்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறைய, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றில் சேர ஆரம்பிக்கிறது. தசையும் கூடவே குறைவதால் எடை முள் அசையாமலேயே வயிறு பெருக்கலாம். அந்த அறையில் ஒரு அளவு நாடா இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

சும்மா_இரு
வியர்வை பெல்ட் வாங்கிய ஆள் இங்கே நான் ஒருவன்தானா? கட்டிக்கொண்டு நடந்தேன். கழற்றினால் ஒன்றரை கிலோ குறைவு! மனைவியைக் கூப்பிட்டு எடை இயந்திரத்தைக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். மறுநாள் காலை பழைய எடை. ஆனாலும் முதுகுக்கு அந்தப் பெல்ட் இதமாக இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது.

மூன்றாம்_மாடி
இதுவரை எழுதிய எல்லோரும் கொழுப்பு, கொழுப்பு என்றே பேசுகிறீர்கள். என்னுடையது கொழுப்பே இல்லை.

குழு வகுப்பு. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே ஒரு மேடு நீளமாக எழும்பும். பயிற்சி கொடுத்த பெண் அதை எல்லோருக்கும் சுட்டிக்காட்டி, "பாருங்க, இதுதான் கரைய வேண்டியது. இன்னும் இருபது!" என்றார். நானும் செய்தேன். மேடு பெரிதாகிக்கொண்டே போனது, முதுகும் வலிக்க ஆரம்பித்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் என்னைப் படுக்கவைத்து, தொப்புளுக்கு மேல் இரண்டு விரலை வைத்துத் தலையைத் தூக்கச் சொன்னார். விரல் உள்ளே இறங்கியது! வயிற்றின் முன்பக்கத் தசை இடது, வலது என்று இரண்டு பட்டையாக இருக்கிறது, நடுவில் அதை இணைக்கும் திசு கர்ப்ப காலத்தில் விரிந்து அப்படியே நின்றுவிட்டது. டயஸ்டாசிஸ் என்று பெயர் சொன்னார். என் பையன் கல்லூரியில் படிக்கிறான், அத்தனை வருடமாக யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. மேடு எழும்பும் எந்தப் பயிற்சியும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுப்பதில் தொடங்கினோம். இடைவெளி முழுசாக மூடவில்லை, முதுகுவலி போய்விட்டது. அந்த "இன்னும் இருபது" குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

ஈரமண்
என் அக்காவுக்கு 54. டயட்டில் இருந்தாள். முகமும் கையும் மெலிந்தன, வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டு, "ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெறஞ்சுடுதுடி" என்றாள். பக்கத்திலிருந்த ஒருவர், "அப்போ டயட் நல்லா வேலை செய்யுது" என்று கைதட்டினார். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள்.

சினைப்பைப் புற்றுநோய். வயிற்றில் இருந்தது நீர்.

வயிறு உப்பல் வாரக்கணக்கில் போகாமல் இருந்தால், சீக்கிரம் வயிறு நிறைந்தால், அதுவும் ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு என்றால், தொப்பை என்று விடாமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதித் தருவார்கள். அக்கா சிகிச்சையில் இருக்கிறாள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

கணக்குப்பிள்ளை
ஈரமண் சகோதரி, அக்கா நலம் பெறட்டும்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஷூ கயிறு கட்டக் குனிந்தேன், மூச்சு முட்டியது, பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து கட்டிவிட்டது. அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் கற்றதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் எடையைத் தினமும் பார்ப்பதை விடுங்கள், நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. உயரத்தில் பாதிக்குக் கீழே இருந்தால் நல்லது. நம் தெற்காசிய உடல்வாகுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 என்று இன்னொரு வரம்பும் உண்டு. அப்புறம் நடை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, இது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அந்த இரண்டு நாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொடை, முதுகு, மார்பு என்று பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். எடை குறையாவிட்டாலும்கூட உடற்பயிற்சியால் உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு குறையும். சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி, ஆகவே ஒரே வாரத்தில் தட்டை வயிறு என்பவனிடம் பணம் கொடுக்காதீர்கள். மதுவில் இருக்கும் ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரை 4 தான், அதையும் நினைவில் வையுங்கள். தூக்கம்...

மூன்றாம்_மாடி
அண்ணா, ஷூ கயிறு இரண்டு வரி, அறிவுரை இரண்டு பக்கம். இங்கே யாரும் கேட்கவில்லையே! அந்தக் குழந்தை என்ன சொல்லிக்கொண்டு கட்டியது? அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
"தாத்தா, ரெட்டை முடிச்சு போடவா?" என்றது. எனக்கு அப்போது 48.

பழைய_சைக்கிள்
ஹா ஹா. அறிவுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்த்தேன். தொப்புளுக்கு நேராக அளந்தால் 101. உங்கள் விலா எலும்புக் கணக்குப்படி 97. இனிமேல் உங்கள் இடம்தான்.