மாருதி 800 ஹீட்டர் கேபிள் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஊட்டியில் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த 1997 மாடல் மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஒரு வாரமாக ஹீட்டர் லீவர் பிடிப்பே இல்லாமல் இப்படியும் அப்படியும் போகிறது. காற்று சில்லென்றுதான் வருகிறது. உறைபனி விழும் காலையில் முன்கண்ணாடி மூடிக்கொண்டால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வளைவுகளில் இறங்கவே பயமாக இருக்கிறது.

டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சின் சூடான பிறகு, ஹீட்டருக்குச் சுடுநீரைத் திறந்துவிடும் வால்வைக் கையால் திருப்பினால் வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது. ஆக, கோளாறு லீவரையும் வால்வையும் இணைக்கும் கேபிளில்தான். லீவரில் மாட்டும் வளையத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, துருப்பிடித்து அறுந்திருக்கிறது.

சைக்கிள் பிரேக் கேபிளைப் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது முறுக்குக் கம்பி. இழுத்தால் வரும், தள்ளினால் வளைந்துவிடும். இங்கே லீவர் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும், அதற்கு ஒற்றை எஃகுக் கம்பிதான் சரி.

கோவைப் பக்கம் பழைய உதிரிபாகக் கடைகளில் இந்தக் கேபிள் கிடைக்குமா? லீவர் குமிழ்களை உடையாமல் கழற்றுவது எப்படி? பழைய பிளாஸ்டிக், தொட்டாலே நொறுங்கிவிடும் போலிருக்கிறது. அப்புறம், லீவரைக் குளிர்ப் பக்கம் முழுக்கத் தள்ளி, வால்வை மூடிவைத்து, பிறகு கேபிளின் வெளியுறையை கிளிப்பில் மாட்டினால் அளவு சரியாக இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் உதவியாக இருக்கும்.