'பிட்ச்' – தமிழில் என்ன? படகுக் கையேட்டுக்காக, கொஞ்சம் அவசரம்

மொழிபெயர்ப்பவர், சென்னை:

அன்பர்களுக்கு வணக்கம். உல்லாசப் படகு ஓட்டுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவுட்போர்டு இன்ஜினுக்கு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) ஏற்ற புரோப்பல்லரைத் தேர்ந்தெடுக்கும் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். புரோப்பல்லருக்கு 'உந்தி', பிளேடுக்கு 'இதழ்' என்று வைத்தாயிற்று. சிக்கல் 'பிட்ச்'.

உந்தியில் 13¼ × 17 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச். அதாவது, தண்ணீர் மரக்கட்டை போலக் கெட்டியாக இருந்து, உந்தி அதில் திருகாணி போல ஏறினால், ஒரு சுற்றுக்கு 17 அங்குலம் முன்னே போகும். இந்த ஒரு சொல் அத்தியாயத்தில் 40 இடத்தில் வருகிறது. உதவுங்கள்.

இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி:

புதிதாக எதற்கு? பள்ளிப் பாடநூலில் திருகு அளவி படிக்கும் பிள்ளைகளுக்கே 'புரியிடைத் தூரம்' தெரியும். தலைக்கோலை ஒரு சுற்றுச் சுற்றினால் திருகு நகரும் தூரம். உந்தியிலும் அதே கருத்துதான். இருக்கும் நல்ல சொல்லை விட்டுவிட்டு ஆளுக்கொன்று படைப்பதால்தான் நம் கலைச்சொற்கள் எதுவும் நிலைப்பதில்லை.

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, முதலில் அதைத்தான் போட்டேன். படகு ஓட்டும் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். இருவருமே இதழுக்கும் இதழுக்கும் நடுவில் உள்ள இடைவெளி என்று புரிந்துகொண்டார்கள். திருகில் புரி கண்ணுக்குத் தெரிகிறது. உந்தியில் மூன்று இதழ்தான் தெரிகிறது, புரி எங்கே தெரிகிறது?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

புரி என்ற வேரை விட்டுவிடாதீர்கள். முறுக்குதல், வளைதல், சுழலுதல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. முப்புரி நூல், புரிகுழல், வலம்புரி. முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் திருமாலின் கையில் நேமியோடு, அதாவது சக்கரத்தோடு, வலம்புரிச் சங்கும் வருகிறதே, சுழல்வது ஒன்று, முறுகியது ஒன்று! வலப்பக்கம் சுற்றும் உந்தி, இடப்பக்கம் சுற்றும் உந்தி என்று இரண்டு வகை உண்டாமே. அவற்றை வலம்புரி, இடம்புரி என்றே சொல்லலாம்.

பிட்சுக்கு என் பரிந்துரை 'புரிச்செலவு'. செலவு என்றால் செல்லுதல். தலைவன் பிரிந்து போகாமல் நின்றுவிடுவதைச் செலவழுங்குதல் என்று அகப்பொருளில் ஒரு துறையாகவே வைத்திருக்கிறோம். இன்னொன்று, 'உந்தி' என்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். அது கொப்பூழ், ஆற்றுக்கும் பெயர்.

படகு மெக்கானிக், தூத்துக்குடி:

ஐயா, வலம்புரி இடம்புரி அருமை. எங்கள் ஊர் சங்கு குளிக்கிற ஊர், ஒருவருக்கும் விளக்கவே வேண்டாம். ஆனால் செலவு என்று போட்டால், 'பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்' என்றுதான் படிப்பார்கள். பாவம், பிட்ச் தப்பானால் பெட்ரோல் கூடுவதும் உண்மைதான், குழப்பம் இரட்டிப்பாகும்.

கடையில் 'எத்தனை பிட்ச்' என்றுதான் கேட்கிறோம். வேண்டுமானால் 'எட்டு' என்று வையுங்கள். ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன் என்கிறோமே, அந்த எட்டு. குட்டைக்கால்காரன் எட்டு சின்னது, நெட்டைக்கால்காரன் எட்டு பெரிசு. உந்திக்கும் அப்படித்தான். பளு இழுக்கிற படகுக்குச் சின்ன எட்டு, இரண்டு பேரோடு பறக்கிற படகுக்குப் பெரிய எட்டு.

இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்: வழக்கமாக ஏற்றும் ஆட்களை ஏற்றி, முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார்க்க வேண்டும். இன்ஜின் புத்தகத்தில் 5000 முதல் 6000 வரை என்றிருந்து, உங்களுக்கு 4600-தான் வருகிறதென்றால் பிட்ச் அதிகம், இன்ஜின் திணறுகிறது. 2 அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 300, 400 சுற்று கூடும். 6000-ஐத் தாண்டி அலறினால் பிட்ச் போதாது. காலிப் படகில் ஓட்டிப் பார்த்து உந்தி வாங்கிப் போகிறவர்கள் மறுவாரமே திரும்பி வருகிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்:

அண்ணே, 'எட்டு' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் '17 அங்குல எட்டு', 'எட்டு எட்டு அங்குலம்' என்று வந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தவர், டொராண்டோ:

எட்டை 'எட்டம்' ஆக்கலாமே. கிட்டம், எட்டம் என்று ஊரிலே சொல்லுவோம். ஒரு சுற்றில் எட்டுகிற தூரம், 'சுற்றெட்டம்'. எண்ணோடு குழம்பாது.

சிம்கோ ஏரியில் எனக்கொரு சின்னப் படகு. 17 அங்குல உந்தி, கியர் 2-க்கு 1. இன்ஜின் 5600-இல் ஓடினால் உந்தி 2800 சுற்று. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 72.5 கிலோமீட்டர் வரவேணும். ஜிபிஎஸ் 62 காட்டுது. மிச்சம் ஏறத்தாழ 14.5 விழுக்காடு 'ஸ்லிப்'. அதற்கு 'நழுவல்' போதும். நழுவல் இல்லாமல் உந்தி தள்ளவே தள்ளாது, ஆகவே அதைக் குறை என்று எழுதிவிடாதேங்கோ.

மின்பொறியாளர், கோவை:

மோட்டாருக்கும் நழுவல்தான் சொல்கிறோம், ஆதரிக்கிறேன். 'கேவிட்டேஷன்' வந்தால் கவனம். உந்திக்கு மேலே இருக்கும் தட்டைப் பலரும் கேவிட்டேஷன் தட்டு என்கிறார்கள். அது தடுப்பது மேற்பரப்புக் காற்று இறங்குவதை. கேவிட்டேஷனில் வருவது காற்றே இல்லை. இதழின் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழ் விடுகிறது. பார்சன்ஸ் கட்டிய நீராவி டர்பைன் கப்பல் டர்பினியா 1894-இல் ஒற்றை உந்தியோடு இதில்தான் மாட்டியது. மூன்று தண்டில், தண்டுக்கு மூன்றாக 9 உந்தி மாட்டிய பிறகுதான் 1897-இல் 34 நாட் (மணிக்கு ஏறக்குறைய 63 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடிக் காட்டியது. ஒன்றுக்குக் 'காற்றிழுப்பு', மற்றதற்குக் 'குமிழாவி' என்று பிரித்துவிடுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

குமிழாவி நன்று. ஆனால் குமிழ் என்றதும் குமிழம்பூ, மூக்குக்கு உவமை சொல்வது, நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சுற்றெட்டத்தில் புரி இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

மொழிபெயர்ப்பவர் (வியாழன் இரவு):

நான்கு பேர் சுற்றெட்டம், இருவர் புரியிடைத் தூரம், ஒருவர் புரிச்செலவு. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். உடற்பகுதியில் 'சுற்றெட்டம்', முதல் பக்கத்தில் மட்டும் 'கடையில் பிட்ச் என்று கேட்கவும்' என்று ஒரு வரி. வலம்புரி, இடம்புரி, நழுவல், காற்றிழுப்பு, குமிழாவி எல்லாம் அப்படியே போகின்றன. உந்தி உந்தியாகவே இருக்கட்டும்.

இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி:

எனக்கு உடன்பாடில்லை. என் மாணவன் நாளை படகு ஓட்டப் போனால், வகுப்பில் படித்ததும் இதுவும் ஒன்றுதான் என்று அவனுக்கு யார் சொல்வது? சொல்லடைவிலாவது புரியிடைத் தூரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:

சேர்த்துவிட்டேன், ஐயா. 'பு' வரிசையில் இருக்கிறது.