டஸ்டர் 1.6 பெட்ரோல்: டைமிங் பெல்ட் மாத்தின பிறகு கேம் லாக் பார் இறங்கல, உதவி வேணும்

அண்ணன்மாருக்கு வணக்கம். வியாசர்பாடியில ஷெட். வண்டி ரெனோ டஸ்டர், கே4எம் எஞ்சின். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் புதுசு. கிராங்க் டிடிசி பின்ல (பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்துல கிராங்கை நிறுத்துற பின்) முட்டி, கியர்பாக்ஸ் பக்கம் ரெண்டு கேம்ஷாஃப்ட் முனையில இருக்கிற காடியும் நடுக்கோட்டுக்குக் கீழ கிடைமட்டமா நின்னப்பதான் பெல்ட் போட்டோம். பின், காடியில இறங்கி ரெண்டு கேமையும் பூட்டுற பார் ரெண்டையும் எடுத்துட்டு, கிளாக்வைஸ்ல ரெண்டு முழுச் சுத்து கையால சுத்தி, திரும்பப் பின்ல முட்டினா பார் உள்ள போகல. ரெண்டு காடியும் ஒரே அளவு, அரைப் பல்லுக்கும் குறைவா விலகியிருக்கு.

பெல்ட் தாண்டியிருந்தா முழுப் பல் வித்தியாசம் வரணும். அதனால சந்தேகம் கிராங்க் ஸ்ப்ராக்கெட் (பெல்ட்டை ஓட்டுற பல்சக்கரம்) மேலதான். இதுக்கு கீ (ஷாஃப்ட்ல வழுக்காம பூட்டுற ஆப்பு) கிடையாது, போல்ட் இறுக்கம்தான் பிடி. கிராங்க் முனையில எண்ணெய் பட்டா வழுக்கிடும். ஆயில் சீல் ஓரமா கசிவும் தெரியுது. சீல் மாத்தி, ரெண்டு முகத்தையும் சுத்தமா துடைச்சு, புது போல்ட் போடப்போறோம்.

இறுக்கும்போது ஃப்ளைவீலை எதால பிடிக்கிறீங்க? டிடிசி பின் அந்த வேலைக்கு இல்ல, வளைஞ்சுடும். நம்ம பார் பட்டை இரும்புல வெட்டினது, காடியில லேசா ஆடுது; அந்த ஆட்டமே இவ்வளவு விலகல் கொடுக்குமா?

தண்டையார்பேட்டை, மூலக்கடை பக்கம் சரியான பார் வச்சிருக்கவங்க வாடகைக்குக் கொடுங்க. வால்வு பிஸ்டன்ல இடிக்கிற எஞ்சின், அதான் செல்ஃப் அடிக்காம வச்சிருக்கோம்.