நகரம், கிராமம், தோட்டம்: கடைசி நிரலிலிருந்து சில அனுபவங்கள்

கொழும்பிலிருந்து ஓர் ஆய்வு உதவியாளர்:

இலங்கையின் குடும்ப வருமான, செலவின அளவீட்டு அறிக்கையை எங்கே புரட்டினாலும் நாடு மூன்று நிரல்களாகத்தான் நிற்கும்: நகரம், கிராமம், தோட்டம். 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவதும் உள்ள பெருந்தோட்டம் என்றால் அது மூன்றாவது நிரல். 2016இல் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நகரத்தில் 88,692 ரூபாய், கிராமத்தில் 58,137, தோட்டத்தில் 34,804. நான் அந்த மூன்றாவது நிரலில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயம் ஒன்றில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் நாங்கள்.

இந்த எண்களை வேலையிடத்தில் திரையில் போடும்போதெல்லாம் ஒன்று நடக்கிறது. இடைவெளியை அட்டவணை காட்டுகிறது. காரணத்தை மட்டும் யாரும் அட்டவணையில் தேடுவதில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். "200 வருடமாக இந்த மண்ணில் இருக்கிறார்கள். இன்னும் லயத்தை விட்டு வெளியே வரவில்லை என்றால் அது அவர்களுடைய பழக்கவழக்கம்" என்றார் மூத்தவர் ஒருவர். குடிப்பார்கள், சேமிக்கத் தெரியாது, பிள்ளையை இடையில் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு மனம் கொதித்தது. அந்த 200 வருடத்தை அங்கேயே பிரித்துக் காட்டினேன். 1947 பொதுத் தேர்தலில் தோட்டப்பகுதிகளிலிருந்து எங்கள் ஆட்கள் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து எங்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில்தான் கல்லோயா போன்ற குடியேற்றத் திட்டங்களில் கிராமத்துக் குடும்பங்கள் வயலும் வீட்டுக்காணியும் பெற்றன. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி இல்லை, அரச உத்தியோகம் இல்லை. ஒருவருக்கு நிலம் கொடுத்து, மற்றவருக்கு மறுத்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு இருவரையும் ஒரே அட்டவணையில் நிறுத்தி "ஏன் நீ பின்தங்கினாய்?" என்று கேட்பது நியாயமா?

இந்த இடைவெளி உங்கள் முன்னால் எந்த இடத்தில், எந்த உருவத்தில் வந்து நின்றது என்று எழுதுங்கள். உங்கள் கண்ணால் கண்டதாக இருக்கட்டும்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை:

என் வகுப்பில் அது மேசை நாற்காலியாக வந்து நிற்கிறது. ஆறாம் தரத்துக்கென்று நாடு முழுக்க ஒரே அளவில் வரும் நாற்காலிகள். முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளில் பலருக்குக் கால் தரையைத் தொடுவதில்லை. எழுதும்போது நுனிக்கு நகர்ந்து வந்து, பாதத்தை மேசையின் குறுக்குச் சட்டத்தில் ஊன்றிக்கொள்வார்கள். அந்தச் சட்டங்கள் நடுவில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன.

2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய கணக்கில் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். அன்று அளக்கப்பட்ட வயதுக்காரர்கள்தான் இன்று என் வகுப்புகளில் இருக்கிறார்கள். விடிகாலையில் தாய் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விடுவாள். பிள்ளை சாயத்தண்ணியும் முதல்நாள் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மலை இறங்கி வரும். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கிவைத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது எங்களுக்கு வழக்கமான வேலை.

ஒப்பிடுகிறவர்கள் எந்த அளவில் ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாவட்டம் என்பது ஒரே பானை. ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் உள்ள நகரத்துப் பிள்ளையும், கணிதப் பிரிவே இல்லாத பாடசாலையிலிருந்து வரும் தோட்டத்துப் பிள்ளையும் அதற்குள் ஒன்றுதான். சலுகை மாவட்டத்துக்கு வந்து சேர்கிறது, லயத்து வாசலுக்கு வருவதில்லை. போன தொகுதியில் பொறியியல் படித்தே தீருவேன் என்று நின்ற ஒரு மாணவன், கணிதப் பிரிவுக்காக நகரத்தில் அறை எடுக்க வழியில்லாமல் கலைப் பிரிவில் சேர்ந்தான். அவனுடைய பெறுபேறு வந்தபோது "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் ஓடாது" என்று என்னிடமே சொன்னார்கள்.

பதுளையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்:

எனக்கு அது முகவரியாக வந்தது. எங்கள் லயத்தில் வீட்டு இலக்கம் என்று ஒன்றில்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதோடு சரி. கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும், யாராவது கையில் கிடைத்தால் கொண்டுவருவார்கள். எனக்கு முதன்முதலில் வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்துதான் கைக்கு வந்தது. அந்த வேலை போனது. அதன்பிறகு விண்ணப்பங்களில் டவுனில் இருந்த மாமாவின் கடை முகவரியைப் போடத் தொடங்கினேன்.

அதேபோல எங்கள் பாதை. பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை நடந்திருக்கிறோம். பக்கத்துக் கிராமத்துப் பாதையில் கொங்கிரீட் போட்டாயிற்று, எங்களுடையது அப்படியே கிடந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இருந்தவரை, சபை நினைத்தாலும் தோட்டத்துக்குள் பணம் செலவிட அந்தச் சட்டம் தடையாக இருந்தது. சபைக்கு வாக்குப்போட மட்டும் எங்களால் முடிந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இரண்டு ஊர்ப் பாதைகளையும் படமெடுத்து "இவர்கள் சிரமதானம் செய்கிறார்கள், அவர்கள் செய்வதில்லை" என்று விளக்கம் சொன்ன ஒரு கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். சட்டப் பிரிவைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாதி:

தோட்டம் என்று ஒரே நிரலாக எழுதிவிடுகிறீர்கள் அக்கா. அதற்குள்ளேயே ஆணும் பெண்ணும் இரண்டு நிரல். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர்.

1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. தாளில் அன்றே இடைவெளி மூடிவிட்டது. நேரத்தைப் பாருங்கள். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), புல்வெட்டு, மருந்தடிப்பு என்று ஆண்களுக்கு அளந்துவிட்ட வேலை. முடித்தவுடன் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கொழுந்துக்காரிக்கு மாலை நிறுவை முடியும்வரை மலைதான். அப்பா வந்து குளித்துத் தூங்கி எழுந்த பிறகும் அம்மா வந்திருக்க மாட்டார்.

நிறுவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழையில் நனைந்த படங்கு இடுப்பில் கனக்க, தலையில் கூடைக் கயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். தராசுக் கொக்கியில் சாக்கு தொங்கும். முள் நிற்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார்கள். சாக்குக்கு ஒரு கழிவு, தண்ணீருக்கு ஒரு கழிவு. வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழித்ததை நானே பார்த்தேன். ஏனென்று அம்மா கேட்டதற்குப் பதிலில்லை. நாளுக்கு எடுக்கவேண்டிய 18 கிலோவுக்கு அரைக் கிலோ குறைந்தால் முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். எங்கள் தோட்டத்தில் அதோடு சேர்த்து எடையையும் ஏற்றினார்கள், வேலைநாளையும் குறைத்தார்கள். மாத முடிவில் அம்மாவின் கைக்கு வந்தது பெரிதாக மாறவில்லை. நாட்சம்பளத்தை ஒப்பிடுகிறவர்கள் வேலைநாளையும் சேர்த்துக் கேட்கவேண்டும். குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்களே, அந்தக் குடிக்குப் பணம் கட்டியது யாருடைய முதுகு என்பதையும் கேட்கவேண்டும். அதில் எங்கள் ஆண்களை நான் காப்பாற்றப் போவதில்லை.

கோத்தகிரியிலிருந்து, தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை:

பழக்கவழக்கம்தான் காரணம் என்று சொல்பவர்களுக்கு என் குடும்பத்தையே பதிலாக வைக்கிறேன்.

நாடற்றவர்களாக நின்ற எங்கள் மக்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் பாட்டிக்கு மூன்று பிள்ளைகள். பெரியப்பாவின் இலங்கை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அவர் நோர்வூட் பக்கம் லயத்திலேயே இருந்துவிட்டார். அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்கு வந்து இங்கேயும் தேயிலைதான். சித்தி குடும்பம் 1977 கலவரத்தில் அடிபட்டு, கையில் ஒன்றுமில்லாமல் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியது.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே லயத்துக் காம்பராவில் ஒரே கஞ்சி குடித்தவர்கள். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளில் உயர்தரம் முடித்தவர் ஒருவர், மற்றவர்கள் கொழும்பில் கடைகளில் வேலை. இங்கே எங்களுக்கு ரேஷன் அரிசி, பள்ளியில் மதிய உணவு, அரசுக் கல்லூரி என்று பிடித்து ஏற ஒரு கிளை இருந்தது. என் மகள் கோயம்புத்தூரில் பொறியியல் முடித்தாள். அதற்கு முன்பு அவளுடைய சாதிச் சான்றிதழுக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக்கதை. உள்ளூர்க்காரர்கள் ஒரு வாரத்தில் வாங்கும் காகிதத்துக்கு, எங்களிடம் தாத்தா கப்பலேறுவதற்கு முன்பிருந்த ஊரின் ஆவணம் கேட்டார்கள். சித்தி வீட்டில் இரண்டு பேரைப் போர் கொண்டுபோனது. 2009இல் முகாமிலிருந்து அவர்கள் வெளியே வந்தபோது வெட்டிய காடும் அவர்கள் பேரில் இல்லை.

இந்த மூன்று வீடுகளையும் ஒப்பிட்டு இரத்தத்தில் குறை, புத்தியில் குறை என்று யாரால் சொல்லமுடியும்? மூன்று வீட்டாருக்கும் கிடைத்த காகிதம் வேறு, நிலம் வேறு, பள்ளிக்கூடம் வேறு.

ஹட்டனிலிருந்து ஒரு கடைக்காரர்:

மேலே எழுதியவர்களோடு எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. மலையகத் தமிழர் என்றால் தோட்ட நிரல்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டதுபோல் எழுதுகிறீர்கள். என் தகப்பனார் கொழுந்துச் சாக்கு தூக்கியவர். நான் டவுனில் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி ஆசிரியர், அவனும் லயத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டான். எங்கள் இரண்டு வீட்டு வருமானமும் இப்போது நகர நிரலில் சேர்கிறது. லயத்தில் இருந்து எவன் தலையெடுக்கிறானோ அவன் அந்த நிரலை விட்டு வெளியே போய்விடுகிறான். எஞ்சியிருப்பவர்களை மட்டும் ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டு "இந்தச் சமூகம் நகரவே இல்லை" என்றால் அது எப்படிச் சரி? எங்கள் ஆட்கள் நடத்தும் கடைகள், எங்கள் ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் எல்லாம் எந்தக் கணக்கில்? அதேபோலத் தோட்டத்தில் குடியிருக்கும் சிங்களக் குடும்பங்களும் அந்த மூன்றாவது நிரலில் இருக்கின்றன. அவர்களுடைய லயமும் ஒழுகுகிறது.

கொழும்பு, ஆய்வு உதவியாளர்:

ஹட்டன் ஐயா சொன்னது மிகச் சரி. நானே இப்போது நகர நிரலில்தான் இருக்கிறேன். இடத்தை அளந்துவிட்டு இனத்தைப் பற்றிப் பேசுவது பெரிய கோளாறு. அறிக்கை எழுதும் இடங்களிலேயே அது நடக்கிறது.

இன்னொன்றும் சேர்க்கிறேன். 2016 அளவீட்டில் தோட்டங்களில் வறுமை 8.8 வீதம் என்று வந்தது. அதைக் காட்டி, இனித் தோட்டங்களுக்குத் தனித் திட்டம் எதற்கு என்று பேசியவர்கள் உண்டு. பிறகு வறுமைக் கோட்டை 2002ஆம் ஆண்டின் அடிப்படையிலிருந்து 2012/13க்கு மாற்றினார்கள். அந்தப் புதிய கோட்டின்படி 2019இல் நாட்டு வறுமை 14.3 வீதம், தோட்டங்களில் 33.8. மூன்று வருடத்தில் இத்தனை குடும்பங்கள் திடீரென்று விழுந்துவிடவில்லை. பழைய கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நெருக்கியடித்து நின்றவர்களை அந்தக் கோடு வறியவர் இல்லை என்று எண்ணியிருந்தது.

நாங்கள் அடுத்து நடத்தப்போகும் சிறிய களக் கணிப்பில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: "10 வயதில் எங்கே குடியிருந்தீர்கள்?", "அப்போது வீட்டுக்குச் சோறு போட்ட வேலை எது?" லயத்திலிருந்து புறப்பட்டவர்கள் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதை இவற்றை வைத்துத்தான் பிடிக்கமுடியும். வேறு எதைக் கேட்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

தலவாக்கலை, ஆசிரியை:

பிள்ளை படிப்பை நிறுத்தியிருந்தால், நிறுத்திய வருடம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். "ஆர்வமில்லை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மஸ்கெலியா, தாதி:

அம்மாவின் சம்பளத்தை யார் போய் வாங்குகிறார், அவர் எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குகிறார் என்று இரண்டு கேள்வி போடுங்கள் அக்கா. அவரிடமே கேளுங்கள், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் துணி துவைக்க வருவார்கள், அங்கே போனால் பேசுவார்கள்.