பனிச்சரிவுக் கட்டுப்பாடு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

க.மு., பிரிக்பீல்ட்ஸ்:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். ஓர் ஆவணப்படத்துக்குத் துணைவரி (சப்டைட்டில்) எழுதுகிறேன். வெள்ளி காலை கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் பனிச்சறுக்கு நடக்கும் மலையூர்களைப் பற்றிய படம். இரவெல்லாம் பொழிந்த பனி மலையில் கனத்துக் கிடக்கும். அது பெரிதாகத் திரண்டு தானாக விழுவதற்குள், விடியுமுன்னே சாலையை மூடி, வெடி போட்டு இறக்கிவிடுகிறார்கள். இதுதான் 'அவலாஞ்ச் கண்ட்ரோல்'. அடிவாரத்தில் வீடு வாங்கியவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. சன்னல் கண்ணாடி கடகடக்கிறது, நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது, மலையில் நட்ட வெடிக்குழாயை வேறு இடத்துக்கு மாற்று என்று கூட்டம் போட்டுச் சண்டை.

'பனிச்சரிவுக் கட்டுப்பாடு' என்று போட்டேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். "கட்டுப்பாடு என்கிறீர்கள், திரையில் பனி விழுந்துகொண்டிருக்கிறதே?" என்கிறார். அதோடு, முந்தின காட்சியில் 'பனிச்சரிவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்' என்று எழுதியிருந்தேன். அது சறுக்கும் மேடா, ஆளைக் கொல்லும் பனியா என்று கேட்கிறார். கேள்வி நியாயம்தான். வரிக்கு 40 எழுத்துதான் இடம். நீளச் சொல் தராதீர்கள்.

மு.வே., பினாங்கு:

தம்பி, முதலில் பனியைப் பார்த்துவிடுவோம். குளிர், துளி, நடுக்கம் மூன்றும் அந்தச் சொல்லுக்கு உண்டு. புறநானூற்று 6ஆம் பாட்டு 'வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்' என்று இமயத்தைச் சொல்லும்போது, அங்கே கிடப்பது கேமரன் மலையில் காலையில் நாம் காணும் மூட்டம் அல்ல, உறைந்த பனி. ஆகவே அந்தப் பாதிக்கு வேறு சொல் தேட வேண்டாம்.

இப்போது சுவையான பகுதி. பனித்தல் என்றால் நடுங்குதல். தொல்காப்பியர், சொற்பொருள் சொல்லும் உரியியலில் அதிர்வு, விதிர்ப்பு இரண்டுக்கும் நடுக்கம் என்றே பொருள் தருகிறார். விதிர்த்தல் என்பதற்கு உதறுதல் என்றும் பொருள் உண்டு. மலையை உதறிப் பனியை விழச் செய்கிறார்கள், வீடும் நடுங்குகிறது. 'பனிவிதிர்ப்பு' என்று வைத்தால் வெடி வைப்பவன் செயலும் வீட்டுக்காரன் குறையும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சொல்லில் பள்ளத்தாக்கு நோக்கி இறங்குதல் என்ற பொருளை ஏற்றிக்கொண்டார்கள். நாம் ஏன் நடுக்கத்தை ஏற்றக் கூடாது? முன்பனி, பின்பனி பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

சி.ரா., ஈப்போ:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. விதிர்ப்பு என்று பலகையில் எழுதினால் என் படிவம் 4 பிள்ளைகள் 'விதி' என்றுதான் வாசிப்பார்கள். துணைவரி திரையில் நிற்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் உரியியலுக்குப் போய்த் திரும்ப முடியாது.

பனிச்சரிவு என்ற சொல்லில் கை வைக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தபோது பத்திரிகைகள் அதைத்தான் எழுதின. மலாயில் 'ருந்துஹான் சால்ஜி' என்கிறார்கள். நிலச்சரிவைக் குறிக்கும் 'தானா ருந்துஹ்' தெரிந்த பிள்ளைக்கு அது சட்டென்று புரியும். தமிழிலும் அதே வசதி நமக்கு இருக்கிறது. 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் இறந்த நாளிலிருந்து நிலச்சரிவு என்ற சொல் தெரியாத வீடு இங்கே இல்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தைப் 'பனிமேடு' என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

ஆனால் 'கட்டுப்பாடு' வேண்டாம் என்பதில் சரிபார்ப்பவர் பக்கம்தான் நான். 2020 மார்ச் 18 முதல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் அடைபட்டுக் கிடந்தோமே, அதன்பின் நம் ஊர்க் காதுக்குக் கட்டுப்பாடு என்றால் வீட்டுக்குள் இரு என்றுதான் பொருள்.

இ.செ., ஷா ஆலம்:

டீச்சர் வேடிக்கையாகச் சொன்னது அங்கே நிஜம். யூட்டா மாநிலத்து ஆல்டாவில் வெடி போடும் நேரத்தில் யாரும் கட்டடத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்கு 'இன்டர்லாட்ஜ்' என்று பெயர், மீறினால் அபராதம். அதற்கும் ஒரு சொல் தேவைப்படும், இப்போது கிளறவில்லை.

பொறியாளனாக ஒரு வார்த்தை. வெடி என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது பலவகை. ஆல்டாவில் 1940களின் இறுதியிலேயே பீரங்கி வந்துவிட்டது. பிற்பாடு 105 மி.மீ. ஹோவிட்சர், அசல் ராணுவ ஆயுதம். சறுக்குத்தள ரோந்துக்காரர்கள் கையாலும் வெடி எறிவார்கள். வீட்டுக்காரர்களின் சண்டை பெரும்பாலும் 'கேஸெக்ஸ்' போன்ற நிலைக்குழாய்களைப் பற்றியது. மலையில் கான்கிரீட் போட்டு நட்ட தடித்த இரும்புக் குழாய், வாய் பனியைப் பார்த்து வளைந்திருக்கும். புரோபேனும் ஆக்சிஜனும் உள்ளே நிரம்பியதும் கீழே அறையில் இருந்தபடி பொறி வைக்கிறார்கள். அழுத்த அலை பனியை அடிக்கிறது. அடியில் உள்ள நலிந்த அடுக்கு உடைந்தால் மேலே கிடப்பது அப்படியே வழுக்கி வரும். குண்டு விழுந்து வெடிக்காமல் கிடக்கும் அபாயம் இதில் இல்லை, ஆனால் குழாய் நட்ட இடத்தில் நிரந்தரமாக நிற்கும். எதிர்வீட்டுக்காரன் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்று. 'கண்ட்ரோல்' என்றால் வெடி மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தில் மலை நெடுக எஃகு வேலி நட்டுப் பனியை நகரவிடாமல் பிடித்து வைப்பதும் அதில் அடக்கம். அந்த வேலிக்குக் 'கட்டுப்பாடு' பொருந்தும், இந்த வெடிக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே சொல் கேட்டால் கிடைக்காது.

தே.க., கிள்ளான்:

இலக்கணத்திலேயே விடை இருக்கிறதே! அழிவு தானாக வருவது, அழிப்பு ஒருவன் செய்வது. குறைவு, குறைப்பு, பிரிவு, பிரிப்பு. அப்படியானால் சரிவு, சரிப்பு. பனி தானாக விழுந்தால் பனிச்சரிவு. வெடி வைத்து விழவைத்தால் 'பனிச்சரிப்பு'. கடைசியில் 'வு' போய் 'ப்பு' வந்தது, தன்வினை பிறவினை ஆகிவிட்டது. 40 எழுத்தில் பாதிகூட வேண்டாம்.

சி.ரா., ஈப்போ:

கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். பிழைதிருத்தி 'பனிச்சிரிப்பு' என்று மாற்றித் தருகிறது. வீடு நடுங்குகிற காட்சியில் கீழே சிரிப்பு ஓடினால் எப்படி இருக்கும்?

மு.வே., பினாங்கு:

சிரிப்பை விடுங்கள். சரித்தல் என்றால் நடமாடுதல், ஒழுகுதல் என்று வடசொல் வழியிலும் பொருள் உண்டு. சஞ்சரித்தல் என்கிறோமே, அந்த வேர். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் பனி ஊர்வலம் போவதாகப் படும்.

தே.க., கிள்ளான்:

ஐயா, தராசுத் தட்டு சரிந்தது, குடத்தைச் சரித்துத் தண்ணீர் ஊற்றினாள், இதெல்லாம் தூய தமிழ். எங்கள் தோட்டத்துப் பாட்டிக்குச் சஞ்சரித்தல் தெரியாது, குடத்தைச் சரிக்கத் தெரியும்.

இ.செ., ஷா ஆலம்:

வீட்டுக்காரர் பேசும் வரிகளுக்கு என்ன செய்வதாக உத்தேசம்? 'இரைச்சல்' போட வேண்டாம். மழை இரையும், சந்தை இரையும், நெடுஞ்சாலை இரையும். இது ஒரே ஓர் அடி, அப்புறம் அமைதி, எப்போது அடுத்தது என்று தெரியாது. தமிழ்நாட்டுத் திருவிழாவில் போடுவார்களே அதிர்வேட்டு, அந்த ரகம். 'பனிவேட்டு' என்று மொத்தத்துக்கும் வைத்தால் என்ன?

க.மு., பிரிக்பீல்ட்ஸ்:

பனிவேட்டு கேட்டதும் பிடித்துவிட்டது. ஆனால் படத்தில் அதிகாரி ஒருவர் 1982 மார்ச் 31ஐ நினைவுபடுத்துகிறார். கலிபோர்னியாவில் ஆல்பைன் மெடோஸ் சறுக்குத்தளம் அன்று மூடியிருந்தது. அப்படியும் பனி அடிவாரக் கட்டடம்வரை வந்து 7 பேர் இறந்தார்கள். அந்த மனிதர் வாயில் வேட்டு என்று வைத்தால் தீபாவளிக் கடைக்காரர் போல இருக்கும். அதோடு 'வேட்டு வைத்துவிட்டான்' என்ற வழக்கு வேறு. உயிரைக் காக்கிற வேலைக்கு அந்தப் பெயரா?

மட்டுறுத்துநர்:

பனித்தல், பனை, பணி பற்றி வந்த மூன்று மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். க.மு.வுக்கு நாளை வெள்ளி. கைதூக்குங்கள்.

சி.ரா., ஈப்போ:

அதிகாரிக்குப் பனிச்சரிப்பு, வீட்டுக்காரருக்கு வேட்டுச்சத்தம். சண்டை போடுகிறவர்கள் இருவரும் ஒரே சொல்லைப் பேசுவார்களா என்ன? முதல் தடவை வரும்போது மட்டும் 'வெடிவைத்துப் பனிச்சரிப்பு' என்று விரித்துவிடுங்கள். முழு மனதாக இல்லை, ஆனாலும் சரி.

இ.செ., ஷா ஆலம்:

சரி. வேலிக்கு மட்டும் கட்டுப்பாடு இருக்கட்டும்.

க.மு., பிரிக்பீல்ட்ஸ்:

அப்படியே அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர் பனிச்சரிப்பை ஏற்றுக்கொண்டார். வேட்டுச்சத்தத்தை வெடிச்சத்தம் ஆக்கச் சொல்கிறார், ஆக்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மு.வே., பினாங்கு:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லை விட்டுக்கொண்டே போனால் மிஞ்சுவது பிள்ளைகளுக்குத் தெரிந்தது மட்டும்தான். அந்த 'இன்டர்லாட்ஜ்' சொல்லை யாரும் தொடவில்லை. உள்ளடைவு, மனையடைப்பு இரண்டில் எது என்று ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.