புதுப்பிப்பு: அம்மப்பாவின் எனாமல் கோப்பை

போன மாதம் அம்மப்பாவின் எனாமல் கோப்பையின் படத்தைப் போட்டு, இரண்டாம் உலகப் போரில் அவர் செய்த வேலை பற்றிக் கேட்டிருந்தேன். ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலிலா என்று பலர் கேட்டீர்கள். இல்லை.

களுவாஞ்சிகுடிக்குப் போய்ப் பெரியம்மாவோடு ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தேன். அம்மப்பா இருந்தது இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையில், கண்ணிவெடி அகற்றும் சின்னக் கப்பலில். கம்பியை இழுத்துக்கொண்டு போவார்களாம். கண்ணியின் சங்கிலி அறுந்து அது மிதந்து வந்ததும் சுட்டு வெடிக்க வைப்பார்கள்.

ஆனால் அவர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது கொக்கோவைப் பற்றித்தான். இராக்காவல் முடிய, சொக்லேட் கட்டியைச் சீவிச் சுடுதண்ணியில் கரைத்து, கரண்டி நிற்கிற தடிப்பில் அந்தக் கோப்பையில்தான் குடிப்பாராம். மழை இரவுகளில் பிள்ளைகளுக்கும் பனங்கட்டி போட்டு அப்படியே காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். கோப்பையின் விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடம் அவருடைய பெருவிரல் அளவுக்கே இருக்கிறது!

ஹேர்மிஸ் 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்களால் நம்மட மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் காப்பாற்றியது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அம்மப்பா பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் போய்க் கடலைப் பார்த்து நிற்பாராம். "அங்க கிடக்கிறவனுகளும் நம்மட ஆக்கள்தான் புள்ள" என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

வருகிற ஏப்ரல் 9 நானும் போகிறேன், கோப்பையோடு.